வயிறு அடிக்கடி கெடுகிறதா? ரத்தத்தையும் கேளுங்கள்!

"டாக்டர், பையனுக்கு மறுபடியும் லூஸ் மோஷன். போன மாசம்தான் நின்னுது. ஓட்டல் பக்கமே கூட்டிட்டுப் போறதில்லை. தண்ணியைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம். அப்புறம் எப்படி வருது?"

ரத்தநோய்ப் பிரிவின் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்காத தாய்மார்கள் குறைவு. தண்ணீரைக் குறை சொல்வார்கள், பாலைக் குறை சொல்வார்கள், கடைசியில் சமைத்துப் போட்ட பாட்டியைக் குறை சொல்வார்கள். பாவம், பாட்டி!

நம்மில் பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கு என்பது ரெண்டு நாள் சமாசாரம். கஞ்சி, மோர், உப்பு சர்க்கரைக் கரைசல்... மூன்றாம் நாள் இட்லி. முடிந்தது. ஆனால் தலசீமியா, சிக்கிள் செல் அனீமியா, ரத்தப் புற்றுநோய், ஏப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய் உள்ளவர்களை அப்படி விட்டுவிட முடியாது. குடலில் தொடங்கிய கிருமி, சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடலாம். குணமானது போல் இருந்து, மறுபடி மறுபடி வரலாம். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

குடலுக்குக் காவல் யார்?

நம் குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் நம் உடம்புக்கும் நடுவே இருக்கும் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? ஒரே ஒரு அடுக்கு செல்! அந்த செல்களும் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, புதிதாக முளைக்கின்றன. இவ்வளவு மெல்லிய சுவரை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறோம் என்றால், சுவருக்குப் பின்னால் ரோந்து போகிறவர்கள்தான் காரணம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகள், ரத்தத்தில் நழுவி வந்த கிருமியை வடிகட்டிப் பிடிக்கும் மண்ணீரல்... இவர்கள் எல்லோருமே ரத்தத்தின் ஆட்கள்.

ரத்தத்தில் கோளாறு வந்தால் இந்தக் காவலில் எங்காவது ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு நோயிலும் ஓட்டை விழுகிற இடம் வேறு. அந்தந்த ஓட்டை வழியே நுழைகிற கிருமியும் வேறு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இரும்பு தேடும் கிருமி

முதலில் தலசீமியாவைப் பார்க்கலாம். இந்தக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் சரியாக உருவாவதில்லை. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. நம் உடம்போ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் வெளியேற்ற அதற்கு வழியே கிடையாது. மாதம் ரெண்டு யூனிட் ஏற்றினால் வருஷத்துக்கு எவ்வளவு சேரும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிராமைத் தொட்டுவிடும். ஆரோக்கியமான ஒரு பெரிய மனிதரின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பே மூன்று, நான்கு கிராம்தான்!

இந்த இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பது தலசீமியா பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். கிருமிக்கும் அது விருந்து என்பது பலருக்குத் தெரியாது. பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். அதனால்தான் காய்ச்சல் வந்தால் நம் உடம்பு இரும்பை எடுத்து உள்ளே பூட்டி வைக்கிறது. பஞ்சக் காலத்தில் நெல்லைப் பத்தாயத்தில் போட்டுப் பூட்டுகிற மாதிரி. பத்தாயம் நிரம்பி வழிந்தால் பூட்டி என்ன பிரயோஜனம்?

இப்படி வழிகிற இரும்புக்காகக் காத்திருக்கும் கிருமி ஒன்று உண்டு. பெயர் யெர்சினியா என்டரோகொலிட்டிகா. 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் யெர்சினின் பெயரைத் தாங்கிய குடும்பம். பிளேக் கிருமிக்கு இது பங்காளி முறை. காய்ச்சாத பால், சரியாக வேகாத பன்றி இறைச்சி, சுத்தமில்லாத தண்ணீர் வழியாக வரும். மற்ற கிருமிகள் ஃபிரிட்ஜில் சுருண்டு கிடக்கும். இதுவோ ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது. "ஃபிரிட்ஜ்லதானே சார் வெச்சிருந்தோம்" என்ற சமாதானம் இதனிடம் எடுபடாது.

இந்த யெர்சினியாவில் பல வகைகளுக்கு ஒரு குறை உண்டு. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ரசாயனக் கொக்கியை அவற்றால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. ஆகவே சாதாரண ஆட்களிடம் கொஞ்ச நாள் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். தலசீமியா குழந்தையிடம் என்ன நடக்கிறது? சேர்ந்த இரும்பை வெளியேற்ற நாம் டெஸ்ஃபெர்ரியாக்ஸமின் என்ற மருந்தை, இரவு முழுக்க சின்ன பம்ப் வைத்துத் தோலுக்கடியில் ஏற்றுகிறோம். நல்ல மருந்துதான். 1960களிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா, தனக்கு இரும்பு பிடிப்பதற்காகத் தயாரித்த கொக்கிதான் அது! யெர்சினியாவுக்குக் கேட்க வேண்டுமா? யாரோ செய்து வைத்த கொக்கியை, இரும்போடு சேர்த்து, அப்படியே எடுத்துக்கொள்கிறது. நோயாளிக்குக் கொடுத்த மருந்து கிருமிக்குக் கரண்டியாகிவிடுகிறது.

அறிகுறிகளிலும் ஒரு சூது உண்டு. காய்ச்சல் இருக்கும், வயிற்றின் வலது பக்கம் கீழே வலி இருக்கும், போக்கு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். பார்க்கிறவர்கள் அப்பெண்டிக்ஸ் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்து ஆபரேஷன் வரை போய், அங்கே குடல்வால் நன்றாக இருப்பதைப் பார்த்து விழித்த கதைகள் உலகம் முழுக்க உண்டு.

ஆகவே தலசீமியா பெற்றோர்கள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம் இது: காய்ச்சலுடன் வயிற்று வலியோ போக்கோ வந்தால், இரும்பை இறக்கும் மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு, உடனே உங்கள் ரத்தநோய் டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை மறுபடி தொடங்க வேண்டாம்.

"எங்க பொண்ணுக்கு பம்ப் இல்லையே, மாத்திரைதானே" என்கிறீர்களா? அதற்கும் இதே சட்டம்தான், காரணம் மட்டும் வேறு. டெஃபெரிப்ரோன் மாத்திரை, சிலருக்கு வெள்ளணுக்களைத் திடீரென்று அடியோடு குறைத்துவிடும். காய்ச்சல்தான் அதற்கு முதல் மணி. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து கவுன்ட் பார்க்க வேண்டும். டெஃபராசிராக்ஸ் மாத்திரையோ, வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. மூன்று மருந்து, மூன்று காரணம், முடிவு ஒன்றுதான். சில நாள் நிறுத்துவதால் இரும்பு ஒன்றும் மலைபோல் குவிந்துவிடாது. பயப்படாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் டாக்டர், பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவார். தொடங்கட்டும். அதற்கு முன் ரத்தமும் மலமும் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். "யெர்சினியா இருக்கானு பாருங்க" என்று லேபுக்குச் சீட்டில் எழுதி அனுப்பினால்தான் தேடுவார்கள். வழக்கமான மல கல்ச்சரில் அது தப்பிவிடுவது சகஜம்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் யாராவது வெளிறிப்போய் இருந்தால் "ரத்தம் கம்மி" என்று சொல்லி ஒரு இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பது வழக்கம். தலசீமியா மைனர் என்று ஒரு நிலை உண்டு. அவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. வருஷக்கணக்கில் டானிக் குடித்தும் "ஏறவே மாட்டேங்குது" என்றால், டானிக்கை மாற்றுவதை விட்டுவிட்டு, ஃபெரிட்டின் பரிசோதனையும் ஹீமோகுளோபின் எலெக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனையும் செய்து பாருங்கள். தேவையில்லாத இரும்பு சத்தே அல்ல, சுமை.

அரிவாள் அணு, ஓய்ந்த மண்ணீரல்

சிக்கிள் செல் அனீமியாவில் சிவப்பணுக்கள் கதிர் அரிவாள் போல வளைந்துவிடும். 1910இல் சிகாகோவில் டாக்டர் ஹெரிக் இதை முதன்முதலில் எழுதி வைத்தார். இந்தியாவில் இந்த அணுக்கள் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம் நீலகிரி! 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள மலைவாழ் மக்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். இன்று மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் என்று மத்திய, மேற்கு இந்தியப் பழங்குடி மக்களிடம் நிறையவே இருப்பது தெரிகிறது. 2047க்குள் இதை ஒழிக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது.

வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். இதில் முதலில் அடிபடுவது மண்ணீரல். பல குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள்ளேயே அது சுருங்கி, வேலை செய்யாமல் போய்விடும். குடல் சுவரிலும் அங்கங்கே இதே அடைப்பு. சுவரில் விரிசல், வடிகட்டி வேலை செய்யவில்லை. இந்த வழியில் நுழைவது சால்மோனெல்லா. டைஃபாய்டு கிருமியும் இந்தக் குடும்பம்தான். கோழி, முட்டை வழியாக வரும் மற்ற சால்மோனெல்லாக்களும் உண்டு. மற்றவர்களுக்கு நாலு நாள் பேதியோடு போகிற கிருமி, இவர்களுக்கு ரத்தத்தில் ஏறி எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். எலும்புக்குள் சீழ் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். சரியாக முடிக்காமல் விட்டால் அதே கிருமி மறுபடி தலைதூக்கும்.

சிக்கிள் செல் குழந்தைக்கு மூட்டு வலி, எலும்பு வலி என்பது அடிக்கடி வருவதுதான். அதனாலேயே ஏமாந்துவிடுகிறோம். வயிற்றுப்போக்கு வந்து போன ரெண்டு வாரத்துக்குள் ஒரே இடத்தில் எலும்பு வலி, தொட்டால் சூடு, குறையாத காய்ச்சல் என்றால் "வழக்கமான வலிதான்" என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து நீர் வற்றுவது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிவப்பணுக்கள் மேலும் வளையும். மற்ற குழந்தைக்குப் பேதியின்போது ஓ.ஆர்.எஸ். கொடுப்பது நல்லது. சிக்கிள் செல் குழந்தைக்கு முதல் போக்கிலிருந்தே கொடுத்தாக வேண்டும். வாந்தியில் அது தங்கவில்லை என்றால் டிரிப்ஸ் போட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டைஃபாய்டு தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் இவர்களுக்குக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மண்ணீரலை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்ட எல்லோருக்கும் இது பொருந்தும்.

கவுன்ட் இறங்கும் நாட்கள்

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களின் கதை இன்னும் வேகமானது. புற்று செல்கள் வேகமாக வளர்பவை, கீமோ மருந்து அவற்றைக் கொல்கிறது. வேகமாக வளரும் நல்ல செல்களும் கூடவே மாட்டிக்கொள்கின்றன. அதில் குடல் சுவர் செல்களும் அடக்கம். சுவரும் பழுது, காவல்காரர்களும் லீவு!

வீட்டில் இருப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டோட்டல் கவுன்ட் என்று வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை இருக்கும். கீழே பாலிமார்ஃப் அல்லது நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ரெண்டையும் பெருக்குங்கள். டோட்டல் 1200, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால், 360. அதுதான் உண்மையான காவலர் பலம். 1500க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. 500க்குக் கீழே போனால் ஆபத்து. 100க்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம். "டோட்டல் ஆயிரத்துக்கு மேல இருக்கே" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த நாட்களில் சீழ்கூடப் பிடிக்காது. சீழ் என்பதே செத்த வெள்ளணுக்கள்தானே? ஆளே இல்லாத இடத்தில் சண்டை எப்படி நடக்கும்? வயிறு லேசாக வலிக்கும், கொஞ்சம் உப்பும், ரெண்டு தடவை போகும், அவ்வளவுதான். உள்ளே பெருங்குடலின் ஆரம்பப் பகுதி வீங்கி, கிருமி ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும் ஒரே தடயம் காய்ச்சல். 101 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரே ஒரு முறை காட்டினாலும் சரி, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி உள்ளே போக வேண்டும் என்பதுதான் உலகெங்கும் டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. "விடியட்டும், பார்க்கலாம்" என்பது மற்ற வீடுகளில் சரி. இந்த வீட்டில் வேண்டாம்.

கிளம்புமுன் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிடாதீர்கள். இருக்கும் ஒரே தடயத்தையும் அழித்த மாதிரி ஆகிவிடும். முக்கியமாக, போக்கை நிறுத்தும் லோபெராமைடு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடாதீர்கள். கிருமியும் அதன் விஷமும் வெளியேற வேண்டிய நேரத்தில் கதவைச் சாத்துகிற வேலை அது. எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, அங்கே வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் எல்லாமே இந்த நாட்களில் தள்ளுபடி. பழுதான சுவரில் நாமே ஏன் கீறல் போட வேண்டும்?

வயதானவர்களுக்கு வரும் மயலோமா, நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லூக்கேமியா போன்றவற்றில் கவுன்ட் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் நல்ல ஆன்டிபாடி குறைந்திருக்கும். அடிக்கடி வயிறு கெட்டால், இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

போனது திரும்பி வருகிறதே!

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வரும் கிருமிகள். இனி வருவது, நாம் கொடுக்கும் மருந்தே வாசலைத் திறந்துவிடும் கிருமி. ரத்தநோய் வார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பேதி என்றால் டாக்டர்களுக்கு முதலில் இதன் மேல்தான் சந்தேகம் வரும்.

1935இல் பிறந்த குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். லேபில் வளர்க்க மகா கஷ்டமாக இருந்ததால் 'டிஃபிசில்' - கஷ்டமானது - என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுமார் நாற்பது வருஷம் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1978இல்தான், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இந்த ஆசாமியே காரணம் என்று தெரிந்தது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று அழைத்தார்கள். 2016இல் குடும்பப் பெயரை மாற்றி கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆக்கினார்கள். நாம் டாக்டர்களைப் போலவே 'சி. டிஃப்' என்போம்.

குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் இருக்கிற இடத்தையும் சாப்பாட்டையும் நிரப்பி வைத்திருக்கும்வரை சி. டிஃபுக்கு வேலை இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காரருக்கோ காய்ச்சல் வந்ததும் வலுவான ஆன்டிபயாடிக், பிறகு அதைவிட வலுவானது. கொடுக்காமல் இருக்க முடியாது, உயிர்ப் பிரச்னை. ஆனால் அந்த மருந்து கெட்டதோடு நல்லதையும் துடைத்துவிடுகிறது. காலியான வயலில் களை முளைக்கிற மாதிரி சி. டிஃப் பரவி, தன் விஷத்தைக் கக்கிக் குடலைப் புண்ணாக்குகிறது. தண்ணீராகப் போகும். வயிறு முறுக்கும். காய்ச்சல் அடிக்கும்.

மருந்து உண்டு. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய் வழியாகப் பத்து நாள் கொடுப்பார்கள். ஊசியாகப் போட்டால் இந்த நோய்க்குப் பயன்படாது, ஏனென்றால் ரத்தத்திலிருந்து குடலுக்குள் அது போய்ச் சேராது. வாயால் குடித்தால் ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்கும். நமக்கும் அதுதானே வேண்டும்? ஊசி மருந்தைக் கரைத்து நர்ஸ் குடிக்கக் கொடுத்தால் "ஊசி மருந்தைப் போய்க் குடிக்கக் கொடுக்கிறாங்களே" என்று பதற வேண்டாம். சரியாகத்தான் செய்கிறார். ஃபிடாக்ஸோமைசின் என்ற புதிய மருந்தில், திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. விலைதான் அதிகம்.

குணமானவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு இது திரும்ப வரும், பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள். ஒருமுறை திரும்பி வந்தவர்களுக்கு மூன்றாவது தடவை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். காரணம் சி. டிஃபின் விதைகள். ஸ்போர் என்பார்கள். ஓடு போட்ட விதை மாதிரி. மருந்து செடியை அழிக்கும், விதையைத் தொடாது. மருந்து நின்றதும், நல்ல பாக்டீரியாக்கள் திரும்பிக் குடியேறுவதற்குள் விதை முளைத்துவிடும்.

இந்த விதை ஆல்கஹாலுக்கும் அசையாது! கொரோனா காலத்தில் பழகிய சானிட்டைசர் பாட்டில் இங்கே உதவாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கழிப்பறையைப் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். முடிந்தால் நோயாளிக்குத் தனிக் கழிப்பறை. இன்னொன்று, பான்டோபிரசோல், ஒமிபிரசோல் என்று தினமும் காலையில் போடும் 'கேஸ் மாத்திரை'. வயிற்று அமிலமும் ஒரு காவல்காரர்தான். அதை மாதக்கணக்கில் அடக்கி வைத்தால் குடல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். "இன்னும் இது வேணுமா டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அது தேவைப்படலாம்.

மருந்துகளுக்கெல்லாம் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால்? இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்தம் செய்து, வடிகட்டி, நோயாளியின் குடலில் செலுத்துவது! முகம் சுளிக்கிறீர்களா? சீனாவில் நான்காம் நூற்றாண்டிலேயே கோ ஹாங் என்ற வைத்தியர் பேதிக்கு இப்படி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். 1958இல் அமெரிக்காவின் டென்வரில் ஐஸ்மன் என்ற சர்ஜன், கடுமையான குடல் அழற்சி கண்ட நான்கு பேருக்கு எனிமாவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். 2013இல் நெதர்லாந்தில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 31 சதவீதம் பேர் குணம். இந்த முறையில் ஒரே தடவையில் 81 சதவீதம்! காலியான வயலில் மறுபடி பயிர் வைத்துவிட்டார்கள். களைக்கு இடமில்லை. அமெரிக்காவில் 2022இல் எனிமாவாகவும் 2023இல் மாத்திரையாகவும் இதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலும் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் மலத்தைச் செலுத்தும் சிகிச்சையைச் செய்கிறார்கள்.

ஆனால் ரத்தநோய்க்காரர்கள் அவசரப்படக் கூடாது. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு, தானம் கொடுத்தவரின் மலத்தில் ஒளிந்திருந்த, பல மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை கிருமி தொற்றிவிட்டது. ஒருவர் இறந்துவிட்டார். அவர் எலும்பு மஜ்ஜை நோய்க்காக ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர். அதன் பிறகு தானம் கொடுப்பவர்களுக்குப் பரிசோதனை கடுமையாக்கப்பட்டது. உங்கள் ரத்தநோய் டாக்டரும் குடல்நோய் டாக்டரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. கவுன்ட் இறங்கிய நாட்களில் 'நல்ல பாக்டீரியா' என்று விற்கும் புரோபயாட்டிக் பவுடர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். நல்லவரே ஆனாலும் காவல் இல்லாத வீட்டில் எப்படி நடந்துகொள்வார், சொல்ல முடியாது.

அடுப்படியில்

பத்தியம் என்று சொல்லிப் பட்டினி போடாதீர்கள். சூடாகச் சமைத்து உடனே பரிமாறும் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை எல்லாம் தரலாம். முதல் நாள் குழம்பு, அரைவேக்காட்டு ஆம்லெட், ஐஸ் போட்ட ரோட்டோர ஜூஸ், பானிபூரி, பச்சைத் தேங்காய்ச் சட்னி மத்தியானம் வரை வெளியே இருந்தது... இவை வேண்டாம். பழைய சோற்றின் பெருமை நமக்குத் தெரிந்ததுதான். கவுன்ட் 500க்குக் கீழே உள்ளவருக்கு மட்டும் அந்தப் பெருமை ஏறுகிறவரை காத்திருக்கட்டும். தயிரையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கும் பழக்கம், எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களும் ரத்தநோய்ப் பட்டியலில் வருகிறவர்கள்தான். அவர்களுக்குப் பேதியைவிட, பேதிக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆபத்து. நாலிடிக்சிக் ஆசிட், ஃபியூராசோலிடோன் போன்றவை சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். மருந்து எழுதும் முன்பே இந்தக் குறைபாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

சொல்வதற்கு ஒரு வழி: ஒரு சின்ன அட்டை. நோயின் பெயர், ரத்த வகை, மண்ணீரல் இருக்கிறதா, இரும்பு இறக்க எந்த மருந்து, கடைசியாக எந்த ஆன்டிபயாடிக் எப்போது எடுத்தது, போன தடவை கல்ச்சரில் வந்த கிருமி, ரத்தநோய் டாக்டரின் போன் நம்பர். சட்டைப் பையிலும் ஸ்கூல் பையிலும் ஒவ்வொன்று. வெளியூரில், நடுராத்திரியில், முன்பின் தெரியாத ஒரு டியூட்டி டாக்டர் "சாதாரண ஃபுட் பாய்சன்தான்" என்று சொல்லத் தொடங்கும்போது, அந்த அட்டையை நீட்டி, "இவனுக்குத் தலசீமியா இருக்கு சார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.